சீட்டுக்கட்டு வந்த வழி

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், திரைலோக்யநாதர் சமணக் கோயிலுக்கு விஜயநகர அமைச்சர் இருகப்பர் சங்கீத மண்டபம் கட்டியது 1387 வாக்கில். சமணம் இல்லறத்தாருக்கு விலக்கிய ஏழு தீய பழக்கங்களில் முதலாவது சூது. அந்நாளில் சூது என்றால் இங்கே கவறுதான். பத்தே ஆண்டு முன்பு, 1377இல், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் புதிதாக வந்திறங்கிய ஓர் ஆட்டத்தைத் தடை செய்திருந்தது. அதுதான் சீட்டு. போன ஊரிலெல்லாம் தடை என்ற ராசி அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

சீட்டுக்கட்டு சீனத்தில் பிறந்து, எகிப்தின் மம்லூக்குகளிடம் நான்கு இனம், 52 சீட்டு என்று வடிவெடுத்து, ஐரோப்பா போய், அங்கிருந்து கப்பலேறி நம் கரைக்கும் அமெரிக்காவுக்கும் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் அது போக்கர் ஆனது. முதலில் பத்து முதல் ஆசு வரை 20 சீட்டுதான். நாலு பேருக்கு ஐந்தைந்து கொடுத்தால் கட்டு காலி. ரம்மி போல எடுக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. பணம் மட்டுமே நகரும். ஒருவர் பணயம் வைத்தால் அடுத்தவர் அதே தொகையைக் கட்டலாம், ஏற்றலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால், ஒன்றுக்கும் உதவாத சீட்டுக்காரர் அதைக் காட்டாமலே மொத்தத்தையும் அள்ளுவார். போக்கரின் உயிர் இதுதான்; எந்தக் கை பெரியது என்ற வரிசையை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். பிறகு 52 சீட்டும் சேர்ந்தன. ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960 ஆயின. அவற்றில் ராயல் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் பத்து முதல் ஆசு வரை, வெறும் நான்கு.

நம்மூர் மூணு சீட்டும் இந்த வம்சம்தான். பிளைண்டாக ஆடுபவர், சீட்டைப் பார்த்தவர் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். மங்காத்தாவை இதில் சேர்க்காதீர்கள். அது வெறும் அதிர்ஷ்டம்.

கடைசியில் கட்டு கைபேசிக்குள் புகுந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டம் தடுத்தது. அவை திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் அந்த வழக்காடலையே ஒதுக்கிவிட்டது: திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்குத் தடை.

ஆட்டம் கற்க ஆசையா? புளியங்கொட்டையை வைத்து ஆடுங்கள். பணயம் ஏற்றும் சூட்சுமம் முழுவதும் அதிலேயே பிடிபடும்.