ஆட்டக்காரன் யாருக்கு உரியவன்?

வரலாறு என்றவுடன் உங்கள் மனக்கண்முன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் வந்து நிற்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் அதற்கு நானும் ஓரளவு பொறுப்பாளியே. இன்று மன்னர் எவரைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் பெயர் ஆல்பிரெடோ டி ஸ்டெபானோ. 1945 முதல் 1966 வரை மூன்று நாடுகளின் கழகங்களுக்காக ஆடியவர். நம் மைதானங்களில் 'சென்டர் பார்வர்டு' என்று சொல்கிறோமே, அந்த இடத்துக்கு உரியவர்.

அவருடைய பயணங்களைத் தொடர்ந்து செல்வோமானால், ஊருக்கு ஊர் ஒரே கேள்வி நம்மை எதிர்கொள்ளும். ஓர் ஆட்டக்காரனின் கால்கள் யாருக்குச் சொந்தம்? அவனுக்கா? அவனை ஆளாக்கிய கழகத்துக்கா? பணம் கொடுத்து வாங்கிய கழகத்துக்கா? இக்கேள்வியை நான் எடுத்துக்கொண்டதற்கு எனக்கென்று ஒரு காரணமும் உண்டு. அதனைக் கடைசியில் கூறுகிறேன்.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் தலைநகர் புவெனஸ் ஐரிஸ். அந்நகரின் பர்ராக்கஸ் என்னும் பகுதியில் 1926ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் டி ஸ்டெபானோ பிறந்தார். இத்தாலியிலிருந்து குடியேறிய மரபினர் அவர் முன்னோர். பின்னர்க் குடும்பம் நகரை விட்டு ஒரு பண்ணைக்குச் சென்றபோது, அவரும் நிலத்தில் இறங்கி உழைத்தார். ஆட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் அவருடைய வலிமைக்கு அந்த உழைப்பும் ஒரு காரணம் என்று கருதுவதில் தவறில்லை.

1945இல் 'ரிவர் பிளேட்' என்னும் பெருங் கழகத்தில் அவர் இடம்பெற்றார். அங்கே முன்வரிசையில் புகழ்பெற்ற மூத்தவர்கள் இருந்தனர். எனவே 1946இல் 'ஹுராக்கான்' என்னும் கழகத்துக்கு அவரை இரவலாக அனுப்பினார்கள். அங்கு அவர் நன்றாக ஆடினார். அவரை நிலையாக வைத்துக்கொள்ள அக்கழகம் விரும்பியது. ஆனால் ரிவர் பிளேட் கேட்ட விலையைக் கொடுக்க அதனால் இயலவில்லை. ஆகவே அவர் திரும்பி வந்தார். 'இரவல்', 'விலை' என்னும் சொற்களைக் கவனியுங்கள். ஒரு மனிதரைப் பற்றித்தான் இச்சொற்களை வழங்கினார்கள்.

அடுத்த ஆண்டாகிய 1947, அவருடைய ஆண்டு. ரிவர் பிளேட் நாட்டின் முதலிடத்தை வென்றது. அவர் 27 கோல்கள் போட்டார். அவ்வாண்டின் இறுதியில் ஈக்வடார் நாட்டில் நடந்த தென் அமெரிக்கப் போட்டியில் அர்ஜென்டினாவுக்காக ஆறு ஆட்டங்களில் ஆறு கோல்கள் போட்டார். 'பொன்னிற அம்பு' என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

ஆனால் அந்த அம்பு வேறொருவர் கை வில்லில் இருந்தது. அக்காலத்துச் சட்டம் இதுதான்: ஆட்டக்காரன் ஒரு கழகத்தில் கையெழுத்திட்டுவிட்டால், ஒப்பந்த காலம் முடிந்த பின்னும், அக்கழகம் விடுவித்தாலன்றி வேறெங்கும் ஆட முடியாது. அரங்குகள் நிறைந்து வழிந்தாலும் கூலியைக் கழகமே வரையறுத்தது. அர்ஜென்டினாவின் ஆட்டக்காரர்கள் 1944இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். அச்சங்கத்தை ஏற்க வேண்டும், குறைந்த அளவு ஊதியம் வேண்டும், கழகம் மாறும் உரிமை வேண்டும் என்று கேட்டனர். பேச்சு பயன்தரவில்லை. 1948இன் இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டி ஸ்டெபானோவும் அதில் பங்குகொண்டார். கழகங்களோ தொழில்முறை சாராத இளைஞர்களைக் களத்தில் இறக்கி அவ்வாண்டுப் போட்டியை முடித்துக்கொண்டன.

இந்நிலையில், வடக்கே கொலம்பியா நாட்டில் ஒரு கதவு திறந்தது. 1948 ஏப்ரல் 9ஆம் நாள் அந்நாட்டின் அரசியல் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் தலைநகர் பொகோட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் தீப்பற்றி எரிந்தது. நாடெங்கும் கலகம் பரவியது. அதே ஆண்டில்தான் அந்நாட்டில் தொழில்முறைக் கால்பந்தாட்டம் தொடங்கிற்று. புதிய போட்டியை நடத்தியவர்களுக்கும் பழைய சம்மேளனத்துக்கும் பிணக்கு ஏற்பட்டது. உலகச் சம்மேளனமாகிய பீஃபாவின் ஆட்சிக்கு வெளியே அப்போட்டி நின்றது. வெளியே நின்றதனால் ஒரு வசதியும் கிடைத்தது. வேறு நாட்டு ஆட்டக்காரரை அழைத்துவர அவருடைய பழைய கழகத்துக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அப்பணத்தை ஆட்டக்காரருக்கே கொடுத்துவிடலாம்!

1949 ஆகஸ்டில் டி ஸ்டெபானோ பொகோட்டாவுக்குச் சென்று 'மில்லியனாரியோஸ்' கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு முன்னரே ரிவர் பிளேட்டின் மூத்த வீரர் அடோல்போ பெடர்னேரா அங்கு வந்திருந்தார். இங்கிலாந்திலிருந்தும் சிலர் 1950இல் கொலம்பியாவுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அதில் வியப்பில்லை, இங்கிலாந்தில் எத்துணைப் பெரிய ஆட்டக்காரராயினும் வாரத்துக்கு 12 பவுனுக்கு மேல் ஊதியம் பெறலாகாது என்று அன்று விதி இருந்தது. மில்லியனாரியோஸ் கழகம் 1949, 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. அக்கழகத்தின் ஆட்டத்தை 'நீல நடனம்' என்று மக்கள் போற்றினார்கள்.

இங்கு நடுநிலை தவறாமல் ஒன்று சொல்ல வேண்டும். டி ஸ்டெபானோவைச் சிறுவயதில் ஏற்றுப் பயிற்றுவித்த ரிவர் பிளேட் கழகம், அவர் சென்றபோது வெறுங்கையுடன் நின்றது. வளர்த்தவனுக்கு உரிமை ஒன்றுமே இல்லையா என்று அது கேட்டால், அதை வீண் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. வரலாற்றில் பெரும் வழக்குகள் பல இத்தகையவையே; இரு பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கும்.

1951இல் பெரு நாட்டின் லிமா நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் 1954 அக்டோபர் 15 வரை கொலம்பியாவில் இருக்கலாம். அதன்பின் பழைய கழகங்களுக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு வரியால் டி ஸ்டெபானோவுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டாயினர். அந்நாள்வரை மில்லியனாரியோஸ், அதற்குப் பின் ரிவர் பிளேட்.

1952இல் ஸ்பெயின் நாட்டின் ரியால் மாட்ரிட் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. விருந்தாளியாக வந்த மில்லியனாரியோஸ் 4-2 என்ற கணக்கில் விழா வீட்டாரையே வென்றது. மாட்ரிட் கழகத் தலைவர் சாந்தியாகோ பெர்னபேயு அன்றே டி ஸ்டெபானோவின்மீது கண்வைத்தார். ஆயினும் முந்திக்கொண்டது பார்சிலோனா கழகம். அது ரிவர் பிளேட்டுடன் ஒப்பந்தம் செய்தது. மாட்ரிட் கழகமோ மில்லியனாரியோஸுடன் ஒப்பந்தம் செய்தது. 1953 மே மாதத்தில் மனைவி மக்களுடன் பார்சிலோனாவில் வந்திறங்கிய டி ஸ்டெபானோ, எந்த அணிக்கு ஆடுவதென்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார். இரண்டு கழகங்களிடமும் காகிதம் இருந்தது. ஆட்டக்காரரின் விருப்பத்தைக் கேட்கும் காகிதம் எவரிடமும் இல்லை.

இறுதியில் முன்னாள் சம்மேளனத் தலைவர் முனியோஸ் கலேரோ நடுவராக இருந்து தீர்ப்பளித்தார். நான்கு பருவங்கள், முதலாவதும் மூன்றாவதும் மாட்ரிட்டுக்கு, இரண்டாவதும் நான்காவதும் பார்சிலோனாவுக்கு! இரண்டு வீட்டார் ஓர் ஏர்மாட்டை முறைவைத்துப் பூட்டுவது போன்ற தீர்ப்பு. பார்சிலோனாவில் சினம் மூண்டது. அக்கழகத் தலைவர் பதவி விலகினார். பின்னர் வந்தவர்கள் தாம் செலவிட்ட பணத்தைப் பெற்றுக்கொண்டு தம் பங்கை விட்டுக்கொடுத்தார்கள். அன்றைய பிராங்கோ ஆட்சி மாட்ரிட்டின் பக்கம் சாய்ந்ததா என்பது பற்றி இன்றும் ஸ்பெயினில் வழக்காடுகிறார்கள்.

அதன்பின் நிகழ்ந்தவை விளையாட்டு வரலாற்றின் பொன்னேடுகள். இருபது ஆண்டுகளாக ஸ்பெயினின் முதலிடத்தைக் காணாதிருந்த ரியால் மாட்ரிட், அவர் வந்த முதல் பருவத்திலேயே அதனை வென்றது. அவர் இருந்த பதினொரு பருவங்களில் எட்டு முறை வென்றது. 1955இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையை 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை கைப்பற்றியது. ஐந்து இறுதி ஆட்டங்களிலும் அவர் கோல் போட்டார். 1960இல் கிளாஸ்கோ நகரில், ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில் பிராங்பர்ட் அணியை 7-3 என்று வென்றபோது, அவருடைய கோல்கள் மூன்று. ஹங்கேரியிலிருந்து வந்த புஷ்காஷின் கோல்கள் நான்கு. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் தங்கப்பந்து விருதை 1957இலும் 1959இலும் டி ஸ்டெபானோ பெற்றார்.

அவர் ஆடிய முறையும் புதுமையானது. முன்னணியில் பந்துக்காகக் காத்து நிற்பவர் அல்லர். தம் கோலின் அருகே பந்தைத் தடுப்பார். நடுவில் அதைப் பகிர்வார். எதிரியின் கோலின் முன் அதை முடிப்பார். தம் இடம் இதுதான் என்று எவரும் கோடு கிழிக்க அவர் இடந்தரவில்லை. தாள்களில் கட்டுண்டிருந்த மனிதர், களத்தில் மட்டும் முழு விடுதலை பெற்றவராயிருந்தார்.

இத்துணைப் பெருமைக்கிடையே ஒரு குறையும் உண்டு. அர்ஜென்டினாவுக்காக ஆறு ஆட்டங்களும், 1956இல் குடியுரிமை பெற்ற பின் ஸ்பெயினுக்காக 31 ஆட்டங்களும் ஆடிய அவர், உலகக் கோப்பையில் ஒரு நிமிடமும் ஆடவில்லை. 1950இலும் 1954இலும் அர்ஜென்டினா கலந்துகொள்ளவில்லை; 1958க்கு ஸ்பெயின் தகுதி பெறவில்லை; 1962இல் சிலி நாட்டுக்கு அணியுடன் சென்றவரைக் காயம் வெளியே உட்கார வைத்தது.

1963 ஆகஸ்டில் வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில், காவலர் போல் வந்த புரட்சிக் குழுவினர் அவரை விடுதியிலிருந்து கடத்திச் சென்றனர். உலகின் கவனத்தைத் தம் பக்கம் ஈர்ப்பதே அவர்கள் நோக்கம். இரண்டு நாள்களில் தீங்கின்றி விடுவித்தார்கள். கழகங்களும் ஆட்சிகளும் விரும்பிய அவர் பெயரைப் புரட்சிக்காரரும் விரும்பினர் போலும்!

1964இல் வியன்னாவில் இறுதி ஆட்டமொன்றில் தோற்ற பின், மாட்ரிட்டுடன் அவருக்கிருந்த உறவு முறிந்தது. பார்சிலோனா நகரின் மற்றொரு கழகமாகிய எஸ்பான்யோலில் இரண்டு பருவங்கள் ஆடி, நாற்பதாம் வயதில் ஓய்ந்தார். பின்னர்ப் பயிற்சியாளராக வலென்சியாவுக்கு 1971இலும், தம் பழைய ரிவர் பிளேட்டுக்கு 1981இலும் முதலிடம் வாங்கித் தந்தார். 2014 ஜூலை 7ஆம் நாள் மாட்ரிட்டில் காலமானார்.

அவர் வாழ்வு எழுப்பிய கேள்விக்கு விடை மெல்ல மெல்லவே வந்தது. 1961இல் இங்கிலாந்தில் ஊதிய வரம்பு ஒழிந்தது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்தம் என்னும் ஆட்டக்காரரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரையும் கழகம் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை நியாயமற்றது என்று அந்நாட்டு நீதிமன்றம் கூறியது. 1995 டிசம்பர் 15ஆம் நாள், பெல்ஜிய ஆட்டக்காரர் பாஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தபின் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கழகத்தில் சேர விலை கேட்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அர்ஜென்டினாவின் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து அப்போது நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது எங்கள் பள்ளி அணியில் கெட்டிக்கார மாணவன் ஒருவன் முன்னணியில் ஆடினான். தந்தைக்கு வேற்றூர் மாற்றலாகிவிட, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தான். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரமே இருந்தது. நூலகக் கணக்கு முடியவில்லை, எழுத்தர் விடுப்பு என்றெல்லாம் சொல்லி நாள் கடத்தினேன். கோப்பையை வென்றோம். ஆனால் அவன் சேரவிருந்த பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது. அவ்வாண்டு முழுதும் நெடுந்தொலைவு பேருந்தில் சென்று படித்தான் என்று பின்னர் அறிந்தேன். அவன் என்மீது குறை சொன்னதாகக் கேள்வியில்லை. அக்கோப்பையின் அருகே செல்லும்போதெல்லாம் நானே என்னைக் குறை சொல்லிக்கொண்டேன்.

டி ஸ்டெபானோ தம் வீட்டில் ஒரு பந்தின் உருவத்தைச் சின்னமாக அமைத்து, அதற்கு நன்றி கூறும் சொற்களைப் பொறித்து வைத்திருந்தார். தம்மை உயர்த்தியது கழகமோ காகிதமோ அன்று, பந்துதான் என்று அவர் எண்ணினார் போலும். மாணவ நண்பர்களே! நீங்கள் நாளை பலருடைய சான்றிதழ்களையும் ஒப்பந்தங்களையும் கையில் வைத்திருக்கும் பதவிகளுக்கு வருவீர்கள். அப்போது, அத்தாளின் மறுபக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை மறவாதீர்கள்.