பூட்டு மட்டும் போதாது

மறுசந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும், கல்லூரி நினைவுகளாக இருந்தால் நல்லது என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். நினைவுகளைச் சுவைபட எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. வரலாறு படித்தவன் என்ற முறையில் நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். சின்ன அருங்காட்சியகங்களிலிருந்து பழம்பொருட்கள் களவு போவதும், அவற்றுள் சில மட்டும் திரும்பி வருவதும் ஏன் என்பதே அது.

நம் கரையிலிருந்தே தொடங்கலாம். தூத்துக்குடியில் 1961 வரை அரசு முத்துக்குளிப்பு நடத்தியது. வள்ளம் கரைக்கு வந்ததும் சிப்பியை எண்ணிக் குவித்து, பங்கு பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். எண்ணாமல் ஒரு சிப்பியும் கரையைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழிலின் கணக்கு. சிப்பியை எண்ணிய நாம் சரித்திரப் பொருளை எண்ணினோமா? அதுதான் கேள்வி.

ஆதிச்சநல்லூர் சொல்வது

நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பறம்புக்கு 1876இல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்தார். தோண்டினார். பானைகள், இரும்புக் கருவிகள், எலும்புகள் என்று கிடைத்ததை எல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதை யாரும் களவு என்று சொல்லவில்லை. கேட்க ஆளும் இல்லை. பிறகு 1903-04இல் பாரிஸிலிருந்து லாப்பிக் வந்தார். அவர் எடுத்தவை பாரிஸுக்குப் போயின.

இவர்களுக்கு நடுவில், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி இங்கே அகழ்ந்தார். அவர் எடுத்த பொருட்களும் ஊரில் தங்கவில்லை, சென்னை அருங்காட்சியகத்துக்குத்தான் போயின. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ரீ ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல் 1915இல் அச்சாகி வந்தது. பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருட்கள், இரும்பு ஆயுதங்கள் என்று இன்றைக்கும் ஒரு மாணவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க முடியும். ஆதிச்சநல்லூரிலேயே அருங்காட்சியகம் அமைக்க 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் பொருள் இன்னின்னது என்று கேட்க அந்த ஊருக்குப் பலமான ஆதாரம் ரீயின் பட்டியல்தான்.

தஞ்சாவூரில் நடந்தது

இனி உண்மையான களவுக்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். சரபோஜி மன்னரின் கையெழுத்து உள்ள அதன் பிரதி ஒன்று தஞ்சை சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2005 அக்டோபரில் அது காணாமல் போயிற்று. அரண்மனை அதிகாரி போலீசில் புகார் கொடுத்தார். விசாரித்தார்கள், துப்புக் கிடைக்கவில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

2017இல் இன்னொரு புகாரின் பேரில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு வழக்கை மறுபடி எடுத்தது. அவர்கள் முதலில் பார்த்தது என்ன தெரியுமா? பார்வையாளர் கையெழுத்துப் போடும் நோட்டு! புத்தகம் காணாமல் போவதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 7ஆம் தேதி, வெளிநாட்டவர் குழு ஒன்று வந்துபோன விவரம் அதில் இருந்தது. அடுத்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். லண்டனில் உள்ள கிங்ஸ் கலெக்ஷன் தொகுப்பில், சரபோஜியின் கையெழுத்தோடு அந்தப் புத்தகத்தைக் கண்டதாக 2022 ஜூலையில் அறிவித்தார்கள். யுனெஸ்கோ உடன்படிக்கையின்படி அதை மீட்க முயல்வதாகவும் சொன்னார்கள்.

கவனியுங்கள். அச்சுப் புத்தகம் என்றால் ஒரே மாதிரிப் பல பிரதிகள் இருக்கும். இது தஞ்சாவூர்ப் பிரதிதான் என்று எதை வைத்துச் சொல்வது? மன்னரின் கையெழுத்து என்ற ஓர் அடையாளம், அது இங்கே இருந்தது என்ற பதிவு. இந்த இரண்டும் இல்லையென்றால் 'எங்களுடையது' என்று வாய் திறக்கவே முடியாது.

கல்லிடைக்குறிச்சி நடராஜர்

தாமிரபரணிக் கரையில் இன்னொரு சாட்சி உண்டு. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982இல் நடராஜர் சிலை திருடு போயிற்று. போலீஸ் வழக்கு சில ஆண்டுகளில் முடங்கியது. சிலையோ ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் போய் நின்றது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958இல் அந்தக் கோயிலில் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. படத்தையும் சிலையையும் ஒப்பிட்டார்கள், பொருந்தியது. 37 வருஷம் கழித்து 2019 செப்டம்பரில் நடராஜர் ஊர் திரும்பினார். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் செய்த வேலை அது.

பூட்டும் காவலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து தாகூரின் நோபல் பதக்கம் 2004 மார்ச்சில் திருடப்பட்டது. உலகமே அறிந்த பொருள். ஆனாலும் மீட்க முடியவில்லை. அடுத்த ஆண்டு நோபல் அறக்கட்டளை கொடுத்த மாதிரிப் பதக்கங்கள்தான் அங்கே வந்தன. பொன் என்றால் உருக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் பூட்டும் வேண்டும், பதிவும் வேண்டும். பூட்டு உடைந்த பிறகு நமக்கு மிஞ்சுவது பதிவு ஒன்றுதான்.

நம் பக்கம்

புன்னைக்காயலில் இருந்து பணிசெய்த அன்ரிக் பாதிரியார் நம் கரை மக்களுக்காக எழுதிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதன் பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டில் இருக்கிறது. 1586இல் அச்சான 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இராசமாணிக்கம் அடிகளார் அதை 1967இல் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்ததால்தான் நாம் படிக்க முடிகிறது. நம் கரைக்கென்று பிறந்த புத்தகத்தை நாம் கடல் கடந்து தேட வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி, போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். இருப்பது என்ன ஆகிறது? கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்த பிறகும், மழை பெய்தால் பானை ஓடு மேலே வருவதைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. இல்லம், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு என்று சின்னச் சின்ன நினைவகங்கள் இருக்கின்றன. இவை போக, கடற்கரையூர்க் கோயில்களில் பழைய பாத்திரங்கள், வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி, கல்லூரி அலமாரிகளில் பழைய காசு, சங்கு. இவற்றில் எத்தனைக்கு எண் இருக்கிறது? எத்தனைக்குப் படம் இருக்கிறது?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும், 75 ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள் ஆகும். சட்டம் இருந்து என்ன, நம்மிடம் பட்டியல் இல்லையென்றால்?

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய செலவு கிடையாது. பொருளுக்கு ஓர் எண் கொடுங்கள். பக்கத்தில் அடிக்கோல் வைத்து முன்னும் பின்னும் படம் எடுங்கள்; எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே! நீளம், அகலம், எடை, எதனால் ஆனது, எங்கிருந்து யார் மூலம் வந்தது என்று எழுதுங்கள். கீறல், உடைசல், எழுத்து, முத்திரை எதையும் விடாதீர்கள். திருடனுக்கு அது குறை. நமக்கு அதுதான் அங்க அடையாளம். 'ஆப்ஜெக்ட் ஐ.டி.' என்ற பெயரில் 1997 முதல் உலகம் முழுவதும் சொல்லப்படும் முறையும் ஏறக்குறைய இதுதான். பதிவேட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பதிவேட்டைக் கையில் வைத்துப் பொருளைச் சரிபாருங்கள்.

பழைய மாணவர்களாகிய நாம் நிதி திரட்டிக் கட்டடம் கட்டித் தருகிறோம், நல்லதுதான். இந்த வருஷம் ஒரு நல்ல பதிவேடும், அதை முடிக்கும் மாணவர்களுக்கு ஒரு பரிசும் நம் சங்கம் தரட்டும். நம் கல்லூரியின் வரலாற்றுத் துறை அலமாரியிலிருந்தே தொடங்கலாம். எழுத முன்வரும் மாணவர்களுக்கு என் நேரமும் உண்டு.

வாழ்க நம் கல்லூரி!