எதிரியின் குறிப்பேட்டிலும் இல்லாத கப்பல்கள்

சென்ற வாரம் சைக்ளோப்ஸைப் பார்த்தோம். 1918 மார்ச் 4 அன்று பார்படாஸை விட்டுக் கிளம்பி, 306 பேரோடு மறைந்துபோன அமெரிக்கக் கடற்படையின் நிலக்கரிக் கப்பல் அது. அதன் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 23 ஆண்டுகள் கழித்து, அடுத்த உலகப் போரில், அதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு கப்பல்கள் அதே விதமாகக் காணாமல் போயின.

புரோட்டியஸ், நெரியஸ். இரண்டையும் கடற்படை 1941இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றிருந்தது. போர் விமானம் கட்ட அலுமினியம் வேண்டும். அலுமினியத்துக்கு பாக்சைட் வேண்டும். அந்தத் தாதுவைக் கரீபியக் கடலிலிருந்து வடக்கே கொண்டுபோவதுதான் இவற்றின் வேலை. நவம்பர் 23 அன்று செயின்ட் தாமஸ் தீவிலிருந்து புரோட்டியஸ் 58 பேரோடு புறப்பட்டது. பதினேழே நாளில், டிசம்பர் 10 அன்று, அதே தீவிலிருந்து நெரியஸ் 61 பேரோடு கிளம்பியது. இரண்டும் கரை சேரவில்லை.

ஜெர்மன் நீர்மூழ்கிதான் காரணம் என்று நம்புவது அன்று இயல்பு. ஆனால் போர் முடிந்ததும் ஜெர்மன் கடற்படையின் ஆவணங்கள் நேச நாடுகளின் கைக்கு வந்தன. எந்த நாளில், கடல் வரைபடத்தின் எந்தக் கட்டத்தில், எத்தனை டார்பிடோ விட்டோம் என்று நீர்மூழ்கிக் கேப்டன்கள் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார்கள். அவற்றில் இந்த இரண்டு கப்பல்களும் இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அவர்களுடைய வேட்டை தொடங்கியதே 1942 ஜனவரியில்தான். காணாமற்போன கப்பலைத் தேடுகிறவர் முதலில் புரட்ட வேண்டியது எதிரியின் குறிப்பேட்டைத்தான் என்பேன். அங்கே பெயர் இல்லாவிட்டால், கப்பலின் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படிச் சந்தேகித்தவர் ரியர் அட்மிரல் ஜார்ஜ் வான் டியூர்ஸ். இந்த வகைக் கப்பல்களைக் கடற்படையில் பழகி அறிந்தவர். கப்பலின் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் இரும்பு உத்திரங்கள் அரித்துப்போய், கப்பல் இரண்டாக முறிந்திருக்கும் என்பது அவர் கருத்து. ஈரம் பட்ட நிலக்கரியிலிருந்து கசியும் கந்தக அமிலம் இரும்பைத் தின்னும். இவை ஆண்டுக்கணக்கில் நிலக்கரி சுமந்தவை. இதே வகையைச் சேர்ந்த ஜேசன் கப்பலில் அந்த அரிப்பு கண்ணாலேயே பார்க்கப்பட்டது. நிலக்கரிக்காகக் கட்டிய வயிற்றில் அதைவிடக் கனமான தாது. சைக்ளோப்ஸ் ஏற்றியிருந்ததும் 10,800 டன் மாங்கனீசுத் தாதுதான். பெர்முடா முக்கோணம் என்ற மாயக் கதைக்குள் இந்த மூன்றையும் தள்ளியபோது, துருப்பிடித்த உத்திரங்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று. அது அந்த மாலுமிகளுக்கு இழைத்த அநீதி.

உடைந்த உடல் கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும். ஆனால் மூன்றில் ஒன்றுகூட இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. செயின்ட் தாமஸிலிருந்து வடக்கே திரும்பும் கப்பல் கடக்க வேண்டியது போர்ட்டோ ரிக்கோ அகழியை. அதன் ஆழம் 8,000 மீட்டருக்கும் மேல்.

(தொடரும்)