ஓட்டக்காரியின் உடை

1966-ஆம் ஆண்டில், அவ்வளவு தூரம் ஓடும் தேகசக்தி ஸ்திரீகளுக்குக் கிடையாது என்று போஸ்டன் மாரத்தான் பந்தயத்தார் அனுமதி மறுத்தபின், புதர் மறைவிலிருந்து புறப்பட்டு ஆடவர் கூட்டத்தோடு கலந்து ஓடிய பாபி கிப் என்னும் யுவதி, சகோதரனின் அரைக்கால் சட்டையையும், பெண்களுக்கென்று ஓட்டப் பாதரட்சைகள் விற்பனைக்கு இல்லாமையால் பையன்களுக்கானவற்றையும் அணிந்திருந்தார். அந்தப் புதுப் பாதரட்சை கடித்துக் கால் கொப்புளித்தும், சுமார் 3 மணி 21 நிமிஷங்களில் அவர் ஓடி முடித்தார். அன்று ஓடிய ஆடவரில் பெரும்பாலோர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

ஆகவே அரைக்கால் சட்டையைப் பொறுத்தவரை ஆணுடை பெண்ணுக்கு ஆகாதென்பது வியாபாரிகளின் சாமர்த்தியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மார்க்கச்சின் சமாசாரம் வேறு. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில், ஓடும்போது நேரும் வேதனையைப் பொறுக்கமாட்டாத லிசா லிண்டால், உடையலங்கார நிபுணரான தம் சிநேகிதி பாலி ஸ்மித்தின் உதவியை நாட, ஹிண்டா மில்லர் என்பவரும் உடனிருந்து முயன்ற பல மாதிரிகள் பயனற்றுப் போயின. முடிவில், ஆடவர் விளையாட்டின்போது உள்ளே அணியும் கச்சை இரண்டை வெட்டி இணைத்துத் தைத்ததிலிருந்துதான், பெண்ணுக்கே பிரத்தியேகமான அந்த ஓட்ட மார்க்கச்சு பிறந்தது!