நபோத்தின் முட்டைகள்

திருத்தணிகை மலையில் 365 படிகள். மகப்பேறு வேண்டி அவற்றில் ஏறும் பெண்களைச் சிறு வயது முதலே கண்டு வருகிறேன். சில திங்களுக்கு முன் அவர்களுள் ஒருத்தி, எங்கள் தெருப் பெண், நான் மருத்துவம் பயின்றவள் என்பதனால், ஒரு ஸ்கேன் சீட்டை என்னிடம் நீட்டினாள். முதற் பிள்ளை பிறந்து ஏழாண்டு கழிந்தும் மறு கருப்பம் இல்லை. கருப்பைக் கழுத்தில் 'நபோத்தியன் சிஸ்ட்' என்று சீட்டில் கண்டிருந்தது.

"கட்டியாம், அம்மா. இதனால்தானா? புற்றுநோயோ?" என்றாள்.

1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் எங்களுடையது. இரு மொழியும் கலந்தே பேசுவோம். தமிழில் கட்டி, தெலுங்கில் கட்ட. கொப்புளமும் புற்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும். பாதி அச்சம் அச்சொல் செய்யும் வேலைதான்.

நேயர்களே, அவளுக்கு நான் கூறியது ஒரு பழம் பிழையின் வரலாறு. 1672இல் ஹாலந்து நாட்டு ரெக்னியர் டி கிராஃப், பெண்ணின் முட்டை சூலகத்துச் சிறு பைகளில் உண்டாவதென எழுதினார். 1707இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மார்ட்டின் நபோத், பெண்களின் மலட்டுத்தன்மையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கருப்பைக் கழுத்தில் முத்துப் போன்று திரண்டிருந்த பைகளை அவர் முட்டைகளென்றே கொண்டுவிட்டார். பாலூட்டிகளின் உண்மையான முட்டையை 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் கண்டறிந்தார். அது கிராஃப் காட்டிய பைக்குள்தான் இருந்தது. ஆயினும் கழுத்துப் பைகளுக்கு நபோத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

அவற்றுள் இருப்பது வெறும் சளியே. கருப்பைக் கழுத்தில் சளி சுரக்கும் சுரப்பிகள் உண்டு. மகப்பேற்றுக்குப் பின்னோ, அழற்சி ஆறும்போதோ, வெளிப்புறத்துத் தட்டை அணுக்கள் படர்ந்து சுரப்பியின் வாயை மூடிவிடுகின்றன. மதகு அடைபட்ட வாய்க்கால் போலச் சளி தேங்கி, பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவில் மணியாகத் திரள்கிறது. பிள்ளை பெற்றவர்களிடம் இது மிகச் சாதாரணம். இது புற்றுநோயன்று, பொதுவாகக் கருத்தரிப்பதைத் தடுப்பதுமில்லை, சிகிச்சையும் வேண்டுவதில்லை. பிள்ளைக்கு வித்தென்று நபோத் எண்ணியதையே பிள்ளைக்குத் தடையென்று இவள் அஞ்சினாள்!

எனினும், உறவுக்குப் பின் குருதி கசிந்தாலும், மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டாலும், இக்கட்டியின் மேல் பழி போட்டு வாளாவிருத்தல் ஆகாது. 30 வயது கடந்தோர்க்கு அரசு மருத்துவமனைகளில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். அதற்கும் போய் வரச் சொன்னேன்.

கருத்தரியாமைக்குக் காரணம் வேறெங்கோ இருக்கலாம். கணவரையும் உடன் சோதிக்கவேண்டும் என்றேன். நபோத்தின் நூல் தலைப்பிலும் பெண்கள் மட்டுமே இருந்தனர்.

"அவர் வருவாரா, அம்மா?" என்று கேட்டுச் சீட்டை மடித்துக்கொண்டாள்.