கூஃபு எத்தனை வருசம் ஆண்டான்?

கீசாவின் பெரிய பிரமிட்டைக் கட்டுவித்த கூஃபு மன்னன் எத்தனை வருசம் ஆண்டான் எண்டு இணையத்தில் தேடிப் பாருங்கோ. ஒரு இடத்தில் 23, இன்னொரு இடத்தில் 50, வேறொன்றில் 63 என்று வரும். மூன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக மேற்கோள் இலக்கமும் இருக்கலாம்.

இதில் ஒன்றும் சும்மா புழுகியது இல்லை. 50 என்றவர் கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸ். 63 என்றவர் கிமு 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எகிப்தியக் குரு மனேத்தோ. அவருடைய நூல் அழிந்துவிட்டது, பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். 23 என்பது இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிற, கிழிந்துபோன ஒரு பப்பிரசு அரசர் பட்டியலில் இருந்து வருகிறது. அந்த வரியில் பெயரே இல்லை. வரிசையை வைத்துத்தான் அது கூஃபு என்கிறார்கள்.

2013இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலேயின் குழு வேறு பப்பிரசுகளைக் கண்டெடுத்தது. அவை கூஃபுவின் காலத்திலேயே எழுதப்பட்டவை. அதில் வரும் ஒரு திகதி, 13ஆவது மாட்டுக் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு. அந்தக் கணக்கெடுப்பு பொதுவாக இரண்டு வருசத்துக்கு ஒருமுறை நடந்தது என்று எடுத்தால், கூஃபு 26 அல்லது 27ஆம் ஆண்டிலும் ஆட்சியில் இருந்திருக்கிறான். அப்ப 23?

எங்களைப் பொறுத்தவரை, ஒரு நல்ல கலைக்களஞ்சியக் கட்டுரை இதில் ஒரு எண்ணைத் தெரிந்து எழுதக் கூடாது. யார், எப்போது, எதை வைத்துச் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கணக்கை நாங்களே போட்டு எழுதவும் ஏலாது. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை, தாலேயின் வெளியீட்டைத்தான் காட்ட வேண்டும்.

அடிமைக் கதையும் இப்படித்தான். "ஒரு இலட்சம் அடிமைகள் கட்டினார்கள்" என்பதற்குப் பலர் ஹெரோடோட்டஸைக் காட்டுவார்கள். அவர் ஒரு இலட்சம் பேர், மூன்று மாத முறை, 20 ஆண்டுகள் என்கிறார். எகிப்தியர் எல்லோரையும் மன்னன் வேலை வாங்கினான் என்கிறார். அடிமை என்ற சொல் அங்கே இல்லை. அதோடு அவர் எழுதியது கூஃபுவுக்கு ஏறத்தாழ 2,100 ஆண்டுகள் கழித்து. ஹெரோடோட்டஸ் எங்களுக்கு எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் கூஃபு அவருக்கு! பார்வோன், ஃபிர்அவ்ன் என்று வேதங்களில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அடிமைகள் என்றதும் பிரமிட்தான் கண்ணில் வருகிறது. ஆனால் யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் கட்டுவது பண்டசாலைப் பட்டணங்களை.

1990இல் கீசாவில் வேலையாட்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. உடைந்த எலும்புகளுக்குக் கட்டுப் போட்டு, அவை பொருந்தி ஆறிய எலும்புக்கூடுகள் அங்கே இருந்தன. வாடி அல்-ஜர்ஃப் பப்பிரசுகளில் மெரெர் என்ற ஒரு மேற்பார்வையாளரின் நாட்குறிப்பும் இருக்கிறது: தன் ஆட்களோடு தூராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, வள்ளத்தில் கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்கியதை நாள் நாளாக எழுதியிருக்கிறார். "அடிமைகள்" என்று ஒரு சொல்லில் முடிக்கிற கட்டுரையில் மெரெருக்கு இடமே இல்லை.

நல்ல ஆய்வுகள் பலதும் காசு கட்டித்தான் வாசிக்க வேண்டியவை. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1934இல் இறந்த வாலிஸ் பட்ஜ் போன்றவர்களின் பழைய புத்தகங்கள். கால வரிசையும் பெயர் வாசிப்பும் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகம் நடத்துகிற எகிப்தியவியல் கலைக்களஞ்சியம் இலவசம், துறைசார்ந்தவர்கள் எழுதுவது. முதலில் அங்கே போங்கோ. தமிழ்ப் பக்கத்தைத் திருத்த ஆட்கள் குறைவு, பிழை புகுந்தால் வருசக்கணக்கில் கிடக்கும். ஏ.எல். படிக்கிற பிள்ளை ஃபோனில் முதலில் திறப்பதும் அதைத்தான்.

இனி ஒரு சொல் பிரச்சினை. அடிமையும் இல்லை, விரும்பி வந்த கூலியாளும் இல்லை. அரசுக்காக முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் இதுமாதிரியானதை "ஊழியம்" என்றார்கள். இப்போது அந்தச் சொல் தேவ ஊழியம், ஊழியர் சங்கம் என்று வேறெங்கோ போய்விட்டது. நாங்கள் இப்போதைக்கு "கட்டாய ஊழியம்" என்று போட்டிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் தெரிந்தால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கோ, மாற்றிவிடுவோம்.