வெள்ளைத் தாளில் சுற்றிய நத்தார்

பழைய மாணவியர் இருவர் ஹட்டனிலோ, கொழும்பிலோ, கோத்தகிரியிலோ, டொரொன்டோவிலோ சந்தித்தால் பேச்சு எப்படியும் மூன்றாம் தவணையின் கடைசி வாரத்துக்கு வந்துவிடும். ஒளிவிழா, பனிக்குளிர், மேடைக்கு முன்னால் குவிந்த வெள்ளைப் பொதிகள். நூற்றாண்டு மலரில் அந்தப் பொதிகளின் வரலாற்றை எழுதிவைப்பது நமது கடமை என்று நினைத்தோம்.

கோப்பிக் காலத்திலேயே நத்தார் இந்த மலைகளுக்கு வந்துவிட்டது. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்ய 1854இல் ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் அதில் பணிசெய்தார்கள். அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அன்பைச் சொல்ல வந்தவர்களும் நம்மை அந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். தோட்டத்தில் எதுவும் மேட்டிலிருந்த பங்களாவிலிருந்து பள்ளத்திலிருந்த லயத்துக்கு இறங்கி வந்தது. பண்டிகைப் பணம்கூட முற்பணம்தான். தீபாவளிக்கோ நத்தாருக்கோ வாங்கியதை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

'வைட் கிப்ட்' ஆராதனை இதற்கு மாறான ஒரு பழக்கம். 1904இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பெயின்ஸ்வில் என்ற ஊரின் மெதடிஸ்த ஆலயமொன்றில் அது தொடங்கியது. ஒரு பேரரசரின் பிறந்தநாளில் செல்வரும் ஏழையரும் வெள்ளைப் பொருளையே காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள் என்ற பழங்கதை அதற்கு அடிப்படை. எல்லாப் பரிசையும் வெள்ளைத் தாளில் சுற்றிவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. நம் பள்ளியிலும் அப்படித்தான். டொக்டரின் மகள் கொண்டுவந்த கம்பளிச் சட்டையும், கொழுந்து பறிப்பவரின் மகள் கொண்டுவந்த ஒரு கொத்து அரிசியும் ஒரே நிறத்தில் அருகருகே இருந்தன. சைவப் பிள்ளைகளே அதிகம், அவர்களும் கொண்டுவந்தார்கள்.

ஆனால் கொடுப்பவரின் பெயரை மறைத்த நாம், வாங்குபவரின் பெயரை மறைக்கவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். விழா முடிந்த மறுநாள் பொதிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், பட்டியலைச் சத்தமாக வாசித்து, வரிசையில் நிறுத்திக் கொடுத்தோம். படமும் எடுத்தோம்.

1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சம் தோட்டங்களை மிகக் கடுமையாகத் தாக்கியது. மாவும் அரிசியும் கிடைக்காமல் மக்கள் மரவள்ளியையும் கீரையையும் தேடி அலைந்தார்கள். பட்டினியால் இறந்தவர்களும் உண்டு. அந்த நாட்களின் ஒரு டிசம்பரில் பட்டியல் வாசிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வந்தது. பாதியில் ஒரு பெயரைக் கண்டு நின்றாள், பிறகு வாசித்தாள். முன்னால் வந்து கைநீட்டியவர் அவளுடைய தாய். முந்தின நாள் அவளும் ஒரு வெள்ளைப் பொதி கொண்டுவந்து வைத்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாடவில்லை.

அடுத்த வருடம் பட்டியல் இல்லை, படமும் இல்லை. பொதிகளைப் பிள்ளைக் காம்பராவில் இறக்கிவைத்துவிட்டு வந்தோம். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஆயாவுக்குத் தெரியும். மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். தை பிறந்ததும் அதே லயத்திலிருந்து நம் விடுதிக்கு ஒரு தூக்குவாளி வந்தது. திறந்தால் சர்க்கரைப் பொங்கல். ஆளுக்கு ஒரு கரண்டிதான் கிடைத்தது. கொடுப்பதன் மகிழ்ச்சி என்னவென்று அன்றைக்குத்தான் நமக்கு விளங்கியது. அதுவரை நாம் அறிந்தது கொடுத்த திருப்தி மட்டும். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்படி நடந்துகொண்டால்தான் அது உறவாகிறது.

அந்த வகுப்பில் பலர் இன்று இங்கே இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கில் நம் தோழியரும் இருந்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன; லயங்கள் மண்ணுக்குள் போயின. நத்தாருக்கு நான்கு வாரமே இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் பழைய மாணவியர் பணம் அனுப்பினார்கள். "பெயர் போட வேண்டாம்" என்று பலர் குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்த நத்தாரிலும் நாம் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியல்கள் உள்ளன. நத்தார் நிதிக்கு மட்டும் பட்டியல் இல்லை. அது அச்சுப் பிழை அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.